பெற்ற வயிறும் பிரண்டையும்

“உன்னைப் பெத்த வயித்துல பிரண்டையத்தான் வச்சுக் கட்டிக்கணும்.” பிள்ளை ஊர்வம்பை இழுத்து வந்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், கல்யாணமான கையோடு தாயை மறந்துபோனாலும் தமிழ்த் தாய்மார் வாயில் வந்து நிற்கும் சொல் இது. சொல்கிறவரும் கேட்கிறவரும் அதன் பொருளை நின்று யோசிப்பதில்லை. தலையில் அடித்துக்கொள்வதைப்போல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வதைப்போல, அதுவும் வருத்தத்தின் ஓர் அசைவு. ஆனால் வேலியில் படர்ந்து கிடக்கும் பிரண்டைக் கொடியை ஒரேயொரு முறை வெறுங்கையால் ஒடித்து நறுக்கிப் பார்த்தவருக்கு அந்தச் சொல் பிறகு பழையபடி காதில் விழாது. விரலிடுக்கில் தொடங்கி மணிக்கட்டுவரை ஏறும் அந்த அரிப்பைக் கொண்டுபோய் வயிற்றிலா கட்டிக்கொள்வது? அதுவும் பிள்ளையைச் சுமந்த வயிற்றில்? பிழை செய்தவன் ஒருவன், தோல் அரிப்பது இன்னொருத்திக்கு. இந்தக் கணக்கு எங்கோ இடறுகிறது. இடறியபடியே தலைமுறை தலைமுறையாகப் புழங்கியும் வருகிறது.

அப்படிச் சொன்ன அதே தாய்தான் மறுநாள் அதே கொடியின் கொழுந்தைப் பறித்து வந்து, நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் புளியும் மிளகாயும் வைத்து அரைத்து, அதே பிள்ளைக்குச் சுடுசோற்றில் பிசைந்து போடுகிறாள்.

செடி என்று பார்த்தால் பிரண்டை கண்ணுக்கு அவ்வளவு கவர்ச்சியானதல்ல. நான்கு பட்டையான சதைத்தண்டு, பட்டைகளின் ஓரத்தில் கத்திபோல மெல்லிய விளிம்பு, விரல்நீளத்துக்கு ஒரு கணு. கணுவில் தண்டு சிறுத்து, மறுபடி அகன்று, அடுத்த கணுவில் மறுபடி சிறுக்கும். இலை இருப்பதே தெரியாது. நுனிக் கணுக்களில் மட்டும் தடித்த சிறு இலைகள் வந்து சீக்கிரமே உதிர்ந்துவிடும். இலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பற்றுக்கம்பி சுருண்டு நீண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். நான்கிதழ்ப் பூ மிகச் சிறியது; பூத்ததைப் பார்த்தவர்கள் குறைவு. பழம் பட்டாணி அளவில் சிவந்து உருண்டிருக்கும். அந்தப் பழக்கொத்தையும் பற்றுக்கம்பியையும் உற்றுப் பார்த்தால்தான் இது திராட்சைக் குடும்பத்துக் கொடி என்பது நம்பும்படியாக இருக்கும். லின்னேயஸ் 1767இல் இதற்கு இட்ட பெயரின் இரண்டாம் பாதி, குவாட்ராங்குலாரிஸ், நான்கு பட்டையைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய அறிஞர் கண்ணில் பட்டது வடிவம்.

ஆனால் இந்தக் கொடியோடு வாழ்ந்த மொழிகள் வேறு வேறு விஷயங்களைப் பார்த்திருக்கின்றன. மலையாளத்தில் இது சங்ஙலம்பரண்ட. கணுக்கணுவாகக் கோத்திருப்பதில் அவர்களுக்குச் சங்கிலி தெரிந்திருக்கிறது. இந்தியில் ஹட்ஜோட், எலும்பை இணைப்பது. வடமொழியில் வஜ்ரவல்லி, வச்சிரம்போல் உறுதி தரும் கொடி. தமிழில் பிரண்டை என்ற சொல்லுக்குள் அப்படியொரு படம் உடனே புலப்படவில்லை. ஆனால் கணு என்ற சொல் இருக்கிறது. கரும்புக்கும் மூங்கிலுக்கும் பிரண்டைக்கும் உள்ள கணுதான் மனிதருக்குக் கணுக்கால், கணுக்கை. செடியின் மூட்டும் உடம்பின் மூட்டும் ஒரே சொல்லில் வாழும் மொழியில், மூட்டுவலிக்குப் பிரண்டையைத் தேடிப் போவதற்கு யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது.

வளர்ப்பது என்ற சொல்லே பிரண்டைக்கு அதிகம். இரண்டு கணுவுள்ள ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்படி ஓரிரு நாள் நிழலில் போட்டுவைத்து, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலுமாக மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும். அதைச் சாகடிக்க ஒரே வழி பாசம்தான்: தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். மறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கோடையில் தண்டு சுருங்கி, மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி, செத்ததுபோல வேலியில் தொங்கும். ஒரு மழைக்குப் பிறகு பட்டைகள் உப்பி, நுனியில் வெளிர்பச்சையாகக் கொழுந்து நீளும். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றலென்று கழித்துக் கொல்லையில் எறிந்த கணுக்கள், யாரும் சொல்லாமலே சுவரோரம் வேர்விட்டு ஏறத் தொடங்குவதை எத்தனையோ வீடுகளில் காணலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை என்று தென்கிழக்காசியாவரை இது பரவிக் கிடப்பதற்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது.

அதன் பொறுமைக்கு ஒரு சூட்சுமமும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே வாங்கும். அப்போது உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போய்விடும். பிரண்டைத் தண்டு கள்ளியையும் அன்னாசியையும்போல இராத்திரியில் துளைகளைத் திறக்கிறது. குளிர்ந்த இருட்டில் கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கித் தண்டுக்குள் சேமித்துக்கொள்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்துப் பகலில் உணவு சமைக்கிறது. இந்த வகைச் செடிகளில் விடியற்காலையில் புளிப்பு கூடியும் சாயங்காலம் குறைந்தும் இருப்பது இதனால்தான். ஊர் உறங்கும்போது மூச்சுவிட்டு, வெயில் ஏறும்போது வாயை மூடிக்கொள்ளும் ஒரு கொடி. வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இயல்பு அந்நியமாகத் தோன்றாது.

அரிப்புக்குக் காரணம் தண்டுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் ஊசிப் படிகங்கள். கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை, கண்ணுக்குத் தெரியாதவை. சேனையிலும் சேம்பிலும் கருணையிலும் இருப்பவை இதே சாதி ஊசிகள்தாம். கத்தி பட்டு அறைகள் உடைந்ததும் சாற்றோடு வெளியே வந்து தோலில் குத்துகின்றன. கழுவினால் உடனே போவதில்லை. பச்சையாக மென்றால் நாக்கும் தொண்டையும் புண்ணாகும். ஆகவே பிரண்டை சமையல் முழுவதும் இந்த ஊசிகளோடு நடத்தும் ஒரு பேச்சுவார்த்தை. புளியும் எண்ணெயும் நெருப்பும் அதில் கலந்துகொள்கின்றன. நான்காவதாகக் கலந்துகொள்ளும் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மதுரைப் பக்கத்து வீடொன்றின் அடுக்களை. அரிவாள்மணைக்கு முன்னால் மருமகள். முறத்தில் காலையில் பறித்த பிரண்டை, நுனியிலிருந்து மூன்று கணுவுக்கு மேல் போகாத கொழுந்து. வாசற்படியில் உட்கார்ந்து மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கையில எண்ணெ தேச்சுக்கிட்டியாம்மா?”

“தேச்சுட்டேன் அத்தை.”

“விரலிடுக்குல? அங்கதான் மொதல்ல புடிக்கும்.”

மருமகள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் மறுபடி விரலை விடுகிறாள். பிறகு ஒவ்வொரு தண்டாக எடுத்து, கணுவைக் கிள்ளி எறிகிறாள். கணுவில் நார் அதிகம், அரைபடாது. நான்கு பட்டையிலும் விளிம்பை நகத்தால் நிமிண்டி இழுத்தால் அவரைக்காய் நார்போல நீளமாக உரிந்து வருகிறது. உரித்த தண்டு வழுக்குகிறது. பச்சைப்புல்லை நசுக்கியதுபோல ஒரு வாடை எழுகிறது. சிறு துண்டுகளாக நறுக்கி வாணலியில் போட்டதும் எண்ணெய் சடசடக்கிறது. இளம்பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஆலிவ் காயின் நிறத்துக்கு வந்து, ஓரங்களில் பழுப்பேறும்வரை அவள் கரண்டியை நிறுத்துவதில்லை. வாடை மாறுவதுதான் அடையாளம். புல்வாடை போய், வறுத்த கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் ஒரு மணம் வரவேண்டும். “இன்னுங் கொஞ்சம் வதங்கட்டும்” என்கிறார் மாமியார். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. மூக்குக்கே தெரிகிறது.

சமையல் புத்தகங்களில் இத்தனையும் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன: கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து நறுக்கவும். அந்த வரி பொய்யல்ல. ஆனால் எண்ணெய் தடவிய பிறகும் ஓரளவு அரிக்கும் என்பதையும், அந்த அரிப்போடுதான் அம்மி அரைத்து, அடுப்பைத் துடைத்து, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு, அன்றைய பகல் முழுவதும் ஓடியது என்பதையும் அந்த வரி சொல்லாது. சமையற்குறிப்புக்கு அது வேலையும் அல்ல. ஆனாலும் எங்கேயாவது அது பதிவாகியிருக்க வேண்டுமே என்ற எண்ணம் விடாமல் உறுத்துகிறது. ஒருவேளை அந்தப் பழஞ்சொல்தான் அந்தப் பதிவா?

பிரண்டை அரிக்கும், ஆகவே பெற்ற பாவத்துக்குத் தண்டனையாக அதை வயிற்றில் கட்டிக்கொள்கிறேன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால் தண்டனைதான் நோக்கமென்றால் அதே வேலியில் செந்தட்டி இருக்கிறதே. கை பட்டாலே தீப்போலச் சுடும் இலை அது. அரிப்பில் பிரண்டை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கள்ளிப்பால் இருக்கிறது, பட்டால் கண்ணே போகும். நெருஞ்சி இருக்கிறது. இவ்வளவையும் விட்டு, தடவிய எண்ணெய்க்கும் கரைத்த புளிக்கும் அடங்கிப்போகும் ஒரு கொடியைத் தாய் ஏன் தேர்ந்தெடுத்தாள்? மோனைக்காக என்று சொல்லலாம். பெற்ற என்பதன் பெகரமும் பிரண்டையின் பிகரமும் யாப்பில் ஓரினம். பழமொழிகள் காதுக்காகச் செய்யப்படுபவை. அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காதுக்கு மட்டும் பிடித்த சொல் இவ்வளவு காலம் துக்கத்தின் உச்சத்தில் நின்று தாக்குப்பிடிக்குமா என்பது ஐயம்தான்.

இன்னொரு விளக்கம் கிராமத்துப் பெரியவர்களிடம் உண்டு. பிள்ளை சரியில்லாத துக்கத்தில் தாய் சாப்பிடாமல் கிடப்பாள். வெறும் வயிறு புண்ணாகும். பசியின்மைக்கும் குன்மத்துக்கும் சித்த வைத்தியத்தில் பிரண்டை மருந்து. ஆகவே அந்த வயிற்றுக்குப் பிரண்டை வேண்டியிருக்கும் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சொல்லில் இருப்பது தின்பதல்ல, கட்டிக்கொள்வது. வயிற்றுக்குள் போகும் மருந்தை வயிற்றின்மேல் யாரும் கட்டுவதில்லை.

கட்டுவது என்ற அந்த வினையைப் பிடித்துக்கொண்டு போனால் பிரண்டை வேறு இடங்களில் தட்டுப்படுகிறது. சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் பிரண்டையை இடித்துச் சாறெடுத்து, புளியும் உப்பும் சேர்த்துக் குழம்புப் பதத்தில் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டுத் துணியால் கட்டுவார்கள். எலும்பு முறிந்த இடத்திலும் பிரண்டைக் கட்டு உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளையோடு சில ஊர்களில் ஒரு துண்டுப் பிரண்டையும் சேர்ந்து கூரையில் செருகப்படுகிறது. ஓரிடத்தில் முறிந்ததைச் சேர்க்கக் கட்டுகிறார்கள். ஓரிடத்தில் தீங்கு அண்டாமலிருக்கக் கட்டுகிறார்கள். மூன்றாவது இடத்தில், வாய்வார்த்தையாக, தாய் தன் வயிற்றில் கட்டிக்கொள்கிறாள். கொடியும் ஒன்று, கையசைவும் ஒன்று. மூன்றாவது கட்டு மட்டும் தண்டனை என்று எதை வைத்துச் சொல்வது? முறிந்த காலுக்குப் போடும் பற்றும் முதலில் எரியத்தான் செய்யும். முறிந்துபோன ஏதோ ஒன்றைச் சேர்த்துப் பிடிக்க வழி தெரியாமல், கைக்குப் பழகிய கட்டையே அவள் நினைத்தாளா? சொற்பிறப்பு ஆராய்ச்சியால் நிறுவக்கூடிய விஷயமல்ல இது. ஆனால் அந்த வாய்ப்பு ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், பழஞ்சொல்லின் குரலே மாறிக் கேட்கிறது.

பக்கத்து மொழியில் இதே கொடிக்கு வேறு வாழ்வு. தெலுங்கில் பிரண்டைக்கு நல்லேரு என்று பெயர். அலுங்காமல் நலுங்காமல் நடந்துவிடும் காரியத்தை நல்லேரு மேல் வண்டி போனதுபோல என்பார்கள். சதைப்பற்றான தண்டு சக்கரத்துக்கடியில் மெத்தைபோல நசுங்கிக்கொடுக்க, கட்டைவண்டி சுகமாக உருண்டுபோகிறது. ஆந்திர அடுக்களைகளிலும் நல்லேருப் பச்சடி உண்டு. அங்கும் அது கையை அரிக்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுடைய சொலவடை வண்டிக்காரனின் இடத்திலிருந்து பிறந்திருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நசுங்கும் தண்டின் ஊசி தெரியாது. தமிழ்ச் சொலவடை அரிவாள்மணையின் முன்னாலிருந்து பிறந்தது. எந்த இடத்தில் யார் உட்கார்ந்து சொன்னார்கள் என்பதை ஒரு செடியின் வழியாக இப்படிக் கண்டுகொள்ள முடிவது வியப்பாக இருக்கிறது.

பிரண்டையின் மதிப்பை எண்ணிக்கையாகவே சொல்லிவைத்த கதை ஒன்றும் உண்டு. திவசச் சமையல் நடக்கும் வீடுகளில் கேட்கலாம். வசிட்டர் வீட்டுத் திவசத்துக்கு வர ஒப்புக்கொண்ட விசுவாமித்திரர், 1008 வகைக் காய்கறி படைக்க வேண்டுமென்று கேட்டாராம். சாப்பிட உட்கார்ந்தபோது இலையில் இருந்தவை சில மட்டுமே. கோபித்தவரிடம் அருந்ததி கணக்குச் சொன்னாள்: பாகற்காய் 100 கறிக்குச் சமம், பிரண்டை 300க்குச் சமம், பலா 600க்குச் சமம், மீதி 8 இலையில் தனித்தனியாக இருக்கின்றன. முனிவர் மறுபேச்சின்றி உண்டு எழுந்தார். அந்தக் கணக்கை ஒப்பி இன்றும் பல வீடுகளில் திவசத்தன்று பிரண்டைத் துவையல் தவறாமல் இடம்பெறுகிறது. மிளகாய்க்குப் பதில் மிளகு, பெருங்காயம் கிடையாது. பலா பருவத்தில் மட்டும் கிடைப்பது. பிரண்டையோ எந்த மாதத் திதிக்கும் கொல்லையில் காத்திருப்பது.

கதையைக் கேட்பவர்கள் அருந்ததியின் சமயோசிதத்தை மெச்சுவார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் பாகலுக்கு 100 என்றும் பிரண்டைக்கு 300 என்றும் அவள் வைத்த விலையில் வேறொன்றும் இருப்பதாகப் படுகிறது. பாகல் நாக்குக்குக் கசக்கும், தின்பவருக்கே தெரியும். பிரண்டையின் கடுமை தின்பவருக்குத் தெரியாது. அது முழுவதும் சமைப்பவரிடம் தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் அவள் ஒரே விலை வைக்கவில்லை. புராணக் கதை சொன்னவர் இதை எண்ணித்தான் சொன்னார் என்று வாதிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லும் இடத்தில் கதை ஒரு முனிவரை உட்காரவைக்காமல் அடுக்களையிலிருந்து வந்த பெண்ணை நிறுத்தியிருக்கிறதே, அது சும்மா நேர்ந்ததல்ல.

எலும்பு விஷயத்துக்கு வந்தால், இருபதாம் நூற்றாண்டில் பிரண்டை ஆய்வகத்துக்கும் போயிருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாத்தும் கதிரியக்கக் கால்சியம்-45ஐப் பயன்படுத்தி, சோதனை விலங்குகளின் முறிந்த எலும்பு கூடுவதில் பிரண்டையின் விளைவைக் கவனித்து 1964இல் எழுதினார்கள். ஹட்ஜோட் என்ற பெயருக்கு அது ஒரு ஆதரவு. அதன்பின் எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. இன்று அமெரிக்க மருந்துக்கடை அலமாரியிலும் உடற்பயிற்சிக்கூடங்களிலும் சிஸ்ஸஸ் என்ற பெயரில் மாத்திரையாக நிற்கிறது இந்த வேலிக்கொடி. விலங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது. செறிவூட்டிய சாறும் ஒரு கரண்டித் துவையலும் ஒன்றல்ல. பிரண்டையில் கால்சியம் நிறைய, ஆகவே எலும்புக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் அவ்வளவு நேர்க்கோடல்ல. ஆக்சலேட்டோடு கட்டுண்ட கால்சியத்தை உடம்பு எளிதில் உறிஞ்சிக்கொள்ளாது. ஆனால் ஒன்றை நினைக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது: கையில் குத்தும் ஊசியும் கால்சியம், பிள்ளையின் எலும்பும் கால்சியம். கருவிலிருக்கும் குழந்தையின் எலும்புக்குத் தேவையானதைத் தாயின் உடம்பே கொடுக்கிறது; அவள் உணவில் போதாதபோது அவளுடைய எலும்பிலிருந்தும் போகிறது. பெற்ற வயிறு என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது வேலிகள் போய்விட்டன. கள்ளியும் கிளுவையும் நட்ட உயிர்வேலி இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் மதில் எழும்பியிருக்கிறது. மதிலில் பிரண்டை ஏறாமலில்லை. ஆனால் வெள்ளையடிக்கும்போது முதலில் இழுத்துப் போடப்படுவது அதுதான். நாற்பட்டைப் பிரண்டையோடு முப்பிரண்டை, உருட்டுப் பிரண்டை, ஓலைப் பிரண்டை, தீம்பிரண்டை, புளிப்பிரண்டை என்று வகை பிரித்துப் பார்த்த கண்களும் குறைந்து வருகின்றன. நகரத்துச் சந்தையில் கீரைக்காரம்மா கட்டுக்குள் செருகி வைத்திருக்கும் நாலு தண்டுதான் பலருக்கு அறிமுகம். அவரிடம் வாங்கும்போது கொழுந்தா முற்றலா என்று வளைத்துப் பார்ப்பதும், பட்டென்று ஒடிந்தால் எடுத்துக்கொள்வதும், நாரிழுத்துத் தொங்கினால் திருப்பிக் கொடுப்பதும் இன்னும் சிலருக்குக் கைவழக்கமாக இருக்கிறது.

மற்றவர்களுக்குப் பொடி இருக்கிறது. பிரண்டைப் பொடி, பிரண்டை ஊறுகாய், பிரண்டைத் தொக்கு, பிரண்டை அப்பளம் எல்லாம் பொட்டலமாகவும் புட்டியாகவும் வந்துவிட்டன. அப்பளத்துக்குப் பிரண்டை புதிதல்ல. உளுந்துமாவைப் பிசையும்போது பிரண்டைச் சாறு விட்டால் அப்பளம் நன்றாகப் பொரியும் என்பது பழைய கைப்பாடம். காய்ந்த கொடியை எரித்துச் சாம்பலாக்கி, நீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவை வற்றவைத்து எடுக்கும் பிரண்டை உப்பும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே பதப்படுத்தி விற்பதை மரபுக்கு எதிரி என்று சொல்ல முடியாது. அரிப்பே இல்லாமல் பிரண்டை கிடைப்பது பெண்களின் கைக்கு வந்த விடுதலை என்றால் அதை மனமாரக் கொண்டாட வேண்டும். ஆனால் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி குறுக்கிடுகிறது. புட்டியில் வரும் பிரண்டையும் எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ நார் உரித்ததுதான். வீட்டில் என்றால் வாசற்படியில் உட்கார்ந்து “விரலிடுக்குல தேச்சியா?” என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அங்கே கேட்பது யார்?

பழஞ்சொல் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் அம்மா வேடம் போடுபவர்கள் சொல்கிறார்கள். திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் சிரிப்புக்காக வருகிறது. கேட்கும் பிள்ளைகளில் பலர் பிரண்டையைத் தொட்டதில்லை. தொட்டறியாத காதில் அந்தச் சொல்லின் ஊசி உதிர்ந்துவிடுகிறது. வெறும் வசவாக மிஞ்சுகிறது. ஆனால் மாடித்தொட்டியில் ஒரு கணுவை ஊன்றி வளர்த்து, முதல் கொழுந்தை யாரும் எச்சரிக்காமல் வெறுங்கையால் நறுக்கிவிட்ட இளைஞன் ஒருவன், அன்று மாலை புளியைத் தேய்த்துக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பானானால், தன் அம்மா எப்போதோ சொன்னது அவனுக்குத் திரும்பவும் காதில் விழக்கூடும்.

மதுரைப் பக்கத்து அடுக்களையில் துவையல் தயாராகிவிட்டது. கரும்பச்சையும் பழுப்பும் கலந்த உருண்டை, மேலே நல்லெண்ணெய் பளபளக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனுக்குச் சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து முதல் கவளத்தைக் கையில் வைக்கிறாள் மருமகள். அவன் வாயில் போட்டு மெல்லுகிறான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்க்கிறாள். பிரண்டை சமைத்தவர்கள் எல்லோரும் முதல் கவளத்தின்போது பார்க்கும் இடம் அதுதான். வாசற்படியிலிருந்து மாமியாரும் பார்க்கிறார். “அரிக்குதாடா?” பையன் இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுத்த கவளத்துக்குக் கை நீட்டுகிறான். அவள் இன்னொரு உருண்டை பிடித்து வைத்துவிட்டு, இடது கையின் விரலிடுக்கை முந்தானையில் அழுத்தித் தேய்த்துக்கொள்கிறாள்.